பெரிய ஆளும் பெட்டியடிப் பையனும்: ஒரு கூடைப்பந்து அணியின் வயதுக் கணக்கு

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கூடைப்பந்து வட்டாரத்தில் ஒரே பேச்சுதான்: "இந்த வருசம் யாரைக் கூப்பிடுறோம்?" கூப்பிடுவது கெஸ்ட் பிளேயரை. சென்னையிலோ கோவையிலோ நிறுவன அணியில் பல வருடம் ஆடி, இப்போது 32, 34 வயதில் நிற்கிற ஆட்டக்காரர். மே மாத லீக் கம் நாக்-அவுட் போட்டிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டால் அரையிறுதி நிச்சயம் என்பது கணக்கு. பெரும்பாலும் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தால், கோப்பை வாங்கிய அணியில் பாதிப் பேர் ஊரில் இல்லை. மீதிப் பேர் போட்டி முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்கள்.

மூத்த ஆட்டக்காரரைக் கூப்பிடுவதில் தவறே இல்லை. சரியான ஆள், சரியான வேலை, சரியான கெடு என்று அமைந்தால் ஒரு 34 வயதுக்காரர் சொல்லிக்கொடுப்பது ஒரு வருடப் பயிற்சிக்குச் சமம். அவருக்கான விலையை எந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் அணிகள் தடுக்கி விழுகின்றன. ஊர் கிளப்புக்கும் இது பொருந்தும், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிக்கும் பொருந்தும். பணம் மாறும், சட்டதிட்டம் மாறும். தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்.

முதலில் வயது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். கூடைப்பந்தில் உடம்பின் உச்சம் 20-களின் பிற்பாதி. அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாகக் குறைவதில்லை. முதலில் போவது பக்கவாட்டு ஓட்டம், அதாவது டிஃபன்ஸில் எதிராளிக்கு முன்னால் நண்டு மாதிரி நகர்கிற கால். அடுத்து போவது இரண்டாவது தாவல். ஒருமுறை குதித்து இறங்கிய உடனே மறுபடி குதிக்கிற சக்தி 20 வயதுக்காரனிடம் இருக்கும், 34 வயதுக்காரரிடம் இருக்காது. முதல் குதிப்பை மட்டும் பார்த்து "இன்னும் நல்லாத்தான் எகிறுறார்" என்று ஏமாறுகிறவர்கள் அதிகம். கடைசிவரை நிற்பவை ஷூட்டிங், பாஸ், ஃப்ரீ த்ரோ, நிற்கிற இடம், வாய். வாய் என்றால் டிஃபன்ஸில் பேசுவது. "ஸ்கிரீன் லெஃப்ட்", "என் ஆளு", "உள்ள விடாத" என்று முழு ஆட்டமும் பேசிக்கொண்டே இருக்கிற ஒருவர் பின்னால் நின்றால் முன்னால் நிற்கிற நாலு பேரும் பாதி நொடி முன்னதாக நகர்வார்கள். அந்தப் பாதி நொடி போதும்.

ஆகவே மூத்தவரை எடுக்கும்போது, போய்விட்ட திறமை தேவைப்படாத இடத்தில் அவரை வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். கூடைக்கு அடியில் இடம் பிடித்து நிற்கும் போஸ்ட் ஆட்டக்காரர், அரைக் கோர்ட்டில் பந்தை நிதானமாக நடத்தும் பாயிண்ட் கார்டு: இரண்டும் வயதானவர்களுக்கு ஏற்ற வேலை. வேகமான எதிரணி கார்டை 28 மீட்டர் நீளத்துக்கும் துரத்துகிற வேலையை 34 வயதுக்காரரிடம் கொடுத்தால் இரண்டாவது குவார்ட்டருக்குள் அவருக்கு 3 ஃபவுல் ஆகியிருக்கும்.

அவர் தருவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு நுட்பம் என்பது விளங்கும். பயிற்சியில் ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பி வருகிற பந்து, எடுக்கும்போது பையன்கள் எல்லோரும் பந்தையே அண்ணாந்து பார்ப்பார்கள். மூத்தவர் பார்ப்பதில்லை. எதிராளியின் கையிலிருந்து பந்து விடுபடுகிற அந்தக் கணத்தில் திரும்பி, ஒரு காலைப் பக்கத்து ஆளின் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை அவன் தொடையில் பதித்துவிடுவார். கை தோள் உயரத்தில் அகலமாக இருக்கும், தள்ளாது. ஒன்றரை நொடி அப்படியே பிடித்து நிற்பார். அவரைவிட நாலு அங்குலம் உயரமான 19 வயதுப் பையன் பின்னால் சும்மா குதித்துக்கொண்டிருப்பான்.

"தம்பி, பந்தைப் பாக்காத. இவன் இடுப்பு எங்க இருக்குன்னு பாரு."

"பந்து எங்கிட்டு விழும்னு எப்படிண்ணே தெரியும்?"

"அந்தக் கார்னர்லேர்ந்து போட்டா பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வரும். நீ இடத்தைப் பிடி, பந்து தேடி வரும்."

இதைப் பலகையில் படம் போட்டுப் பத்து முறை சொன்னாலும் பையனுக்கு ஏறாது. அவர் இடுப்பு இவன் தொடையில் ஒருமுறை பதிந்தால் ஏறிவிடும். மூத்தவருக்குக் கொடுக்கிற பணத்தில் பாதி இதற்கான பணம். அவர் ஆட்ட நாளன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, ஆடிவிட்டு, ராத்திரியே கிளம்பினால் அந்தப் பாதி வீண்.

இனி, வெளியில் தெரியாத ஒரு செலவு. கால் தளர்ந்த இரண்டு பேர் அணியில் இருந்தால் பயிற்சியாளர் தானாகவே 2-3 ஜோன் டிஃபன்ஸுக்கு, அதாவது முன்னால் இருவரும் பின்னால் மூவருமாக நின்று ஆளுக்கு ஒரு இடத்தைக் காக்கிற முறைக்கு, போய்விடுவார். ஆளுக்கு ஒரு எதிராளியைப் பிடிக்கிற மேன்-டு-மேன் ஆடினால் அந்த இருவரையும் எதிரணி தேடித் தேடி அடிக்கும், ஜோன் போட்டால் மறைக்கலாம். அந்த வாரத்துக்கு அது புத்திசாலித்தனம். ஆனால் அதே ஜோனில் நின்று வளர்கிற 16 வயதுப் பையனுக்குத் தன் ஆளைத் தானே பிடிக்கத் தெரியாமல் போகும். மாவட்ட, மாநிலத் தேர்வுக்குப் போனால் அங்கே முதலில் பார்ப்பது ஒருவனை ஒருவன் பிடிக்கிற டிஃபன்ஸைத்தான். சில நாடுகளில் 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஜோன் டிஃபன்ஸுக்குத் தடையே இருக்கிறது, காரணம் இதுதான். போட்டியில் ஜோன் ஆடினாலும் பயிற்சியில் முக்கால் பங்கு நேரம் மேன்-டு-மேன் ஆடியே தீர வேண்டும். மூத்தவர்கள் உட்கார்ந்திருக்கும் நிமிடங்களில் போட்டியிலும் மேன்-டு-மேனுக்கு மாற வேண்டும்.

ஆஃபன்ஸிலும் இதே மாதிரி ஒரு கெடுதல் உண்டு. பந்து போஸ்டில் நிற்கிற பெரிய ஆளிடம் போனதும் மற்ற நாலு பேரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர் பந்தை இரண்டு முறை தரையில் தட்டித் திரும்பி எறிவார், விழும், கைதட்டு கிடைக்கும். பத்து ஆட்டம் இப்படிப் போனால் பையன்கள் நடமாட மறந்துவிடுவார்கள். இதற்கு ஒரு எளிய கட்டுப்பாடு போதும்: போஸ்டுக்குப் பந்து கொடுத்தவன் 2 நொடிக்குள் கூடையை நோக்கி வெட்டி ஓட வேண்டும், கொடுத்துவிட்டு நின்றால் உடனே பெஞ்ச். பந்து திரும்பி வருகிறதோ இல்லையோ, ஓட்டம் கட்டாயம்.

இப்போது முக்கியமான கணக்கு: நிமிடங்கள். சர்வதேச விதிப்படி 10 நிமிடம் வீதம் 4 குவார்ட்டர், மொத்தம் 40 நிமிடம். கோர்ட்டில் 5 பேர். ஆக ஒரு ஆட்டத்துக்கு 200 ஆள்-நிமிடம். இதுதான் கிளப்பின் முதல். இதற்கு மேல் ஒரு நிமிடம்கூட யாராலும் உண்டாக்க முடியாது. பணம் நன்கொடையாக வரும், நிமிடம் வராது.

ஒரு உதாரணத்துக்கு 12 பேர் கொண்ட அணியை எடுத்துக்கொள்வோம். கெஸ்ட் பிளேயர் இருவர், 22 முதல் 26 வயதுக்குள் உள்ளூர் சீனியர் மூவர், 18 முதல் 20 வரை நால்வர், 16, 17 வயதில் மூவர். வழக்கமாக நடப்பது இது: கெஸ்ட் இருவருக்கும் தலா 36 நிமிடம், 72 போயிற்று. சீனியர் மூவருக்கும் தலா 34, அது 102. மீதி 26 நிமிடத்தை ஏழு பேர் பங்கு போட வேண்டும். தலைக்கு 4 நிமிடம்கூடத் தேறாது. அதுவும் 25 பாயிண்ட் முன்னிலையோ பின்னடைவோ ஆன பிறகு, கடைசியில், யாரும் ஆட்டத்தைக் கவனிக்காத நேரத்தில். அந்த 4 நிமிடத்தில் பையன் கற்றுக்கொள்வது எதுவுமில்லை. கிடைத்த வாய்ப்பில் பேர் வாங்கிவிட வேண்டும் என்று பந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எறிவான்.

அதே 12 பேரை வேறு மாதிரிப் பிரிக்கலாம். கெஸ்டில் ஒருவருக்கு 24, இன்னொருவருக்கு 20. சீனியர் மூவருக்கும் தலா 28, மொத்தம் 84. 18-20 வயது நால்வருக்கும் தலா 14, மொத்தம் 56. மிச்சம் 16 நிமிடம் 16-17 வயதுக்காரர்களுக்கு, ஆட்டத்துக்கு இருவர் வீதம் முறை வைத்துத் தலா 8. கூட்டிப் பார்த்தால் 200 சரியாக வரும். தோல்விக்கு இது காரணமாகுமா? சில ஆட்டங்களில் ஆகும். லீக் ஆட்டத்தில் ஒன்று தோற்றாலும் அடுத்த சுற்றுக்குப் போக வழி இருக்கிற போட்டியில் இந்த விலையைத் தாங்கலாம். அரையிறுதியிலும் இறுதியிலும் மட்டும் கெஸ்ட் நிமிடத்தை 30 வரை ஏற்றிக்கொள்ளலாம்.

எத்தனை நிமிடம் என்பதைவிட எந்த நிமிடம் என்பது பெரிது. பையன்களை இறக்கச் சிறந்த நேரம் இரண்டாவது குவார்ட்டரின் தொடக்கம். ஒரு குவார்ட்டரில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ போகும். குவார்ட்டர் தொடங்கும்போது அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். சின்னப் பையன்கள் ஃபவுல் அடிக்கத்தான் செய்வார்கள். அந்தத் தவறு மலிவாக இருக்கும் நேரத்தில் இறக்கினால் ஸ்கோர் போர்டும் தாங்கும், பையனும் பயமில்லாமல் கை வைப்பான். இருவருக்கு மேல் சேர்த்து இறக்கக் கூடாது. பந்தை நடத்தத் தெரிந்த ஒருவரும், பின்னால் நின்று பேசுகிற ஒருவரும் கூடவே இருக்க வேண்டும். மூத்தவருடைய 24 நிமிடத்தில் குறைந்தது 6 நிமிடம் இப்படிப் பையன்களோடு சேர்ந்து கோர்ட்டில் இருக்கிற நிமிடமாக இருப்பது நல்லது. அவர் ஆடும்போது இவன் பெஞ்சில், இவன் ஆடும்போது அவர் பெஞ்சில் என்று போனால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒன்றும் கைமாறாது.

நிமிடக் கணக்கை உலகத்துக்கே காட்டிய அணி சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். என்.பி.ஏ.வில் 48 நிமிட ஆட்டம், அதாவது 240 ஆள்-நிமிடம். 2013-14 பருவத்தில் அந்த அணியில் ஒருவர்கூட ஆட்டத்துக்குச் சராசரி 30 நிமிடம் ஆடவில்லை. டிம் டங்கனுக்கு 38 வயதாகிக்கொண்டிருந்தது, மானு ஜினோபிலிக்கு 36, டோனி பார்க்கர் 30-ஐத் தாண்டியவர். அந்த மூவரும் விட்டுக்கொடுத்த நிமிடங்கள் காவாய் லெனர்ட் என்ற இளைஞருக்கும் பெஞ்சுக்கும் போயின. 62 வெற்றி, அதன்மேல் கோப்பை. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது 22 வயது லெனர்டுக்கு. அந்த லெனர்டை அணி பெற்றது 2011-ல், நல்ல நிலையில் இருந்த ஜார்ஜ் ஹில் என்ற கார்டை விட்டுக்கொடுத்து. 2012-ல் டங்கன் தன் சம்பளத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டதும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு நேரானது. மூத்தவர் பணத்திலும் நிமிடத்திலும் இடம் விட்டார், அந்த இடத்தில் இளையவர் வளர்ந்தார்.

இதற்கு நேர்மாறான கதை ப்ரூக்ளின் நெட்ஸ். அதைப் புரிந்துகொள்ள டிராஃப்ட் முறை தெரிய வேண்டும். என்.பி.ஏ. அணிகள் ஒவ்வொரு வருடமும் புது ஆட்டக்காரர்களை வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும். தோற்ற அணிகளுக்கு முன் வரிசை கிடைக்க வாய்ப்பு அதிகம். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு 2 வருடம் உறுதியான சம்பளம், அடுத்த 2 வருடம் அணியின் விருப்பம். நல்ல ஆள் அமைந்துவிட்டால் நாலு வருடம் குறைந்த செலவில் கிடைப்பார். அதனால் அந்தத் தேர்வு உரிமையே ஒரு சொத்து, அதை விற்கலாம், மாற்றலாம். நம் ஊர் வழக்கில் சொன்னால் அது விதைநெல்.

2013-ல் நெட்ஸ் அந்த விதைநெல்லைக் குத்திச் சமைத்தது. பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயதுகளில் இருந்த பால் பியர்ஸ், ஜேசன் டெர்ரி இருவரையும் வாங்கியது. கொடுத்தது 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளும், 2017-ல் வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமையும். கிடைத்தது 2014-ல் டொரண்டோவுக்கு எதிராக ஒரு சுற்று வெற்றி, அடுத்த சுற்றில் மயாமியிடம் தோல்வி. பியர்ஸ் ஒரே வருடத்தில் கிளம்பிவிட்டார், கார்னெட் 2015 பிப்ரவரியில் போய்விட்டார். 2015-16-ல் நெட்ஸ் 82-ல் 21 ஆட்டம்தான் வென்றது, 2016-17-ல் 20. அவ்வளவு தோற்றதால் வர வேண்டிய முன்வரிசை உரிமையும் தன்னிடம் இல்லை, பாஸ்டனிடம். பாஸ்டன் அதை வைத்து 2016-ல் ஜெய்லன் பிரவுனை எடுத்தது. 2017-ல் கிடைத்த முதல் இடத்தை மூன்றாம் இடத்துக்கு மாற்றிக்கொண்டு ஜேசன் டேட்டத்தை எடுத்தது. 2024-ல் இந்த இருவரும்தான் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார்கள். விற்றவர் வயலில் ஒன்றுமில்லை, வாங்கியவர் வீட்டில் 11 வருடம் கழித்து அறுவடை.

மூத்தவர்களை எடுத்தது நெட்ஸின் பிழை என்று இதைப் படித்தால் பாடம் தவறிப்போகும். கார்னெட் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் ஒரு வருட, ஒன்றரை வருட வேலைக்கு ஐந்து வருட வருமானத்தை அடமானம் வைத்தார்கள். வாங்குகிற சரக்கின் ஆயுளும் கட்டுகிற கடனின் ஆயுளும் பொருந்தவில்லை. எதிர்கால முதல் சுற்று உரிமைகளை அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்குச் சேர்ந்தாற்போல் விற்கக் கூடாது என்று என்.பி.ஏ.வில் ஒரு விதியே உண்டு. முன்னொரு காலத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெப்பியன் இஷ்டத்துக்கு விற்றுத் தள்ளியதால் வந்த விதி, அவர் பெயராலேயே வழங்குகிறது. நெட்ஸ் அந்த விதிக்குள் நின்றுதான் 2014, 2016, 2018 என்று ஒன்றுவிட்டு ஒன்று கொடுத்தது. நடுவில் 2017-ல் மாற்று உரிமை. விதியை மீறாமலேயே வயலைக் காலி பண்ணலாம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைக்காது.

சரியாகச் செய்ததற்கு ஹூஸ்டன் ராக்கெட்ஸைப் பார்க்கலாம். 2022-23-ல் 22 வெற்றி, 60 தோல்வி. அணி முழுக்க இளைஞர்கள், திறமை இருந்தது, ஒழுங்கு இல்லை. 2023 கோடையில், ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கலாம் என்று லீக் வைத்த சம்பள வரம்பில் இடம் வைத்திருந்தார்கள். ஃபிரெட் வான்வ்லீட்டுக்கு 3 வருடத்துக்குச் சுமார் 12.8 கோடி டாலர் கொடுத்தார்கள், ஆனால் மூன்றாம் வருடம் அணியின் விருப்பம். டில்லன் புரூக்ஸையும் சேர்த்தார்கள். "இவ்வளவா?" என்று பலர் கேட்டார்கள். வான்வ்லீட்டின் வருடச் சம்பளம் அதிகம்தான், வருடங்கள் குறைவு. முதல் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றுகூட இதற்காகக் கைவிட்டுப் போகவில்லை. அடுத்த பருவத்தில் 41-41, அதற்கடுத்து 52-30. இளைஞர்களுக்கு நிமிடமும் குறையவில்லை, நடுவில் நின்று பந்தை நடத்தவும் ஒருவர் இருந்தார். விலை கூடினாலும் கெடுவைக் குறை என்பது மூத்தவர் ஒப்பந்தத்தில் நான் முதலில் வைக்கிற விதி.

இளையவர் பக்கமும் பிழை நடக்கும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு காலத்தையும் ஓட்டப் பார்த்தது. ஸ்டெஃபன் கரியின் தலைமுறை கோப்பைக்கு ஆட, 2020-ல் இரண்டாவதாக எடுத்த ஜேம்ஸ் வைஸ்மனும் 2021-ல் எடுத்த ஜோனதன் குமிங்கா, மோசஸ் மூடியும் பக்கத்தில் வளர வேண்டும் என்பது திட்டம். 2022-ல் கோப்பை வந்தது, அது மூத்தவர்கள் வென்றது. வைஸ்மனுக்கு முழங்கால் காயம், பிறகு நிமிடம் இல்லை, 2023 பிப்ரவரியில் வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். பையனை வாங்கிவிட்டு நிமிடத்தை ஒதுக்காவிட்டால் விதைநெல்லைப் பத்தாயத்திலேயே வைத்து மக்கவிட்டதாகத்தான் அர்த்தம்.

மூத்தவரையும் இளையவரையும் ஒரே கூரையின் கீழ் வைத்து நடத்துவது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில் நகரத்தார் கடைகள் ஓடியதே இந்த ஏற்பாட்டில்தான். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவும் எண்ணவும் பழகுவான், பிறகு அடுத்தாள் ஆவான், கடைசியில் ஏஜெண்ட். ஏஜெண்டுக்குக் கெடு பொதுவாக 3 வருடம். சம்பளச் சீட்டு எழுதி, முழுக் கெடுவுக்கும் தொகை பேசி, ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்து அனுப்புவார்கள். கெடு முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். எவ்வளவு கெட்டிக்கார ஏஜெண்டாக இருந்தாலும் கடை அவர் தலையில் நிற்காது, அடுத்தாள் பக்கத்திலேயே இருப்பான். ஐந்தொகை எடுத்தால் வரவும் கடனும் நிலுவையும் ஒரே தாளில் தெரியும்.

அதே சீட்டை கெஸ்ட் பிளேயருக்கும் எழுதலாம். வருவது போட்டிக்கு 3 நாள் முன்னால். அந்த 3 நாளில் காலை ஆறு மணிக்கு 16 வயதுக்குட்பட்டோருக்கு இரண்டு பயிற்சி அவர் நடத்த வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே ஒரு பாடம், ஒருநாள் ரீபவுண்ட் இடம் பிடிப்பது, ஒருநாள் எதிராளியின் வழியை மறித்து நிற்கிற ஸ்கிரீன் போடுவதும் அதிலிருந்து உருண்டு கூடைக்குப் போவதும். நிமிட வரம்பை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் நடக்கும்போது சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். தொகையை மூன்றாகப் பிரிக்கலாம்: வர ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, போட்டி நடுவில் ஒரு பங்கு, எல்லாம் முடிந்து பையன்களோடு கடைசிப் பயிற்சி ஆன பிறகு ஒரு பங்கு. ஒவ்வொரு கெஸ்டுக்கும் ஒரு அடுத்தாள் வேண்டும். அதே இடத்தில் ஆடப்போகிற 17 வயதுப் பையன் ஒருவன். சாப்பாடு, பஸ், வார்ம்-அப் எல்லாவற்றிலும் அவர் கூடவே இருக்க வேண்டும். டைம் அவுட்டில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பணத்துக்கு இரண்டு பேரேடு. கோடைப் போட்டிக்காக ஊர்ப் பெரியவர்களும் வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்களும் தருகிற நன்கொடை ஒன்றில். கெஸ்ட் தொகை, பேட்டா, தங்கும் செலவு, நுழைவுக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான். வருடம் முழுக்கப் பந்து, வலை, ஷூ, பயிற்சியாளர் சம்பளம், மாவட்டத் தேர்வுக்குப் போகிற பஸ் செலவு இன்னொன்றில். முதல் பேரேட்டில் பற்றாக்குறை வந்தால் இரண்டாவதில் கை வைக்கக் கூடாது. ஒரு கெஸ்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் "அப்புறம் சரிக்கட்டிக்கலாம்" என்று எடுத்தால் ஆகஸ்டில் பையன்கள் உப்பிப்போன இரண்டு பந்தை வைத்துக்கொண்டு 20 பேர் பயிற்சி எடுப்பார்கள்.

கோர்ட்டைப் பற்றியும் ஒன்று. நம் பக்கத்தில் பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட் கோர்ட். பகல் முழுக்கக் காய்ந்து, விளக்கு போடுகிற நேரத்திலும் சூடு கக்கும். செம்மண் தூசி படிந்தால் திடீரென்று நிற்கும்போது கால் வழுக்கும். மரத்தரையில் பழகிய 34 வயது முழங்காலுக்கு இது கடுமையான சோதனை. தொடர்ந்து நாலு ராத்திரி ஆட்டம் இருந்தால் மூன்றாவது ராத்திரிதான் காயத்துக்குப் பயப்பட வேண்டும், இரண்டு நாள் அடி சேர்ந்திருக்கும். லீக் சுற்றில் பலவீனமான அணியோடு ஆடுகிற நாளை முதலிலேயே குறித்து அன்று அவருக்கு முழு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். அந்த 24 நிமிடமும் அடுத்தாளுக்குப் போகட்டும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கோர்ட்டைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, மறுபடி ஈரத்துணியால் துடைத்துவிட்டால் பாதி ஆபத்து குறையும். பெஞ்சுக்கு முன்னால் ஒரு ஈரச் சாக்கு போட்டு வைத்தால் இறங்கும்போது ஷூவைத் துடைத்துக்கொண்டு இறங்கலாம்.

என்.பி.ஏ. கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாத இடம் ஒன்று இருக்கிறது. அங்கே வளர்த்த பையனை ஒப்பந்தத்தால் நாலு வருடம் பிடித்து வைக்கலாம். இங்கே 18 வயதில் பிளஸ் டூ முடிந்ததும் அவன் கிளம்பிவிடுவான். அழகப்பா பல்கலைக்கழகமும் அதன் உடற்கல்விக் கல்லூரியும் காரைக்குடியிலேயே இருப்பதால் சிலர் தங்குவார்கள். நன்றாக ஆடுகிறவனைக் கோவை, சென்னைக் கல்லூரிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ரயில்வே, காவல்துறை, வங்கி. 1937 பிப்ரவரி 10-ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அந்த வங்கியின் கூடைப்பந்து அணி இன்று நாடறிந்தது. நம் ஊர்ப் பையன் அப்படி ஒரு அணியின் சட்டையைப் போட்டால் அது கிளப்புக்கு இழப்பு ஆகாது, அதுதான் விளைச்சல். எனவே இங்கே எதிர்காலத்துக்குக் கட்டுவது என்பது ஐந்து நல்ல பையன்களை வளர்த்து வைத்துக்கொள்வதல்ல. ஒவ்வொரு ஜூனிலும் இருவர், மூவர் போவார்கள் என்று தெரிந்தே, 13 வயது, 16 வயது, 18 வயது என்று மூன்று வரிசையிலும் ஆள் குறையாமல் பார்த்துக்கொள்வது. 13 வயது வரிசையில் 15 பேர் இருந்தால்தான் 18-க்கு வரும்போது நாலு பேர் தேறுவார்கள் என்று வைத்துக்கொண்டு வேலை செய்தால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. அப்படிப் போனவர்கள்தான் 15 வருடம் கழித்து 33 வயதில் விடுமுறைக்கு ஊருக்கு வருவார்கள். வெளியூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிடுவதற்கு முன்னால், இந்தக் கோர்ட்டிலேயே பழகிப் போன அந்த அண்ணனைக் கூப்பிட்டால் தொகையும் குறையும், பையன்களோடு ஒட்டுவதும் சுலபம். அவருடைய அம்மா இங்கேதான் இருப்பார், தங்கும் செலவு இல்லை. ஒவ்வொரு கிளப்பும் போன பையன்களின் பெயர், வயது, ஆடுகிற இடம், இப்போதிருக்கும் ஊர், தொலைபேசி எண் என்று ஒரு நோட்டு வைத்திருக்க வேண்டும். ஜனவரியிலேயே பொங்கலுக்கு வரும்போது மே மாதம் பற்றிப் பேசிவிட வேண்டும். ஏப்ரலில் கேட்டால் லீவு கிடைக்காது.

போட்டி முடிந்த மறுநாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கும். ஸ்கோர் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளும் எத்தனை நிமிடம் ஆடினார் என்று எழுத வேண்டும். ஸ்கோர் ஷீட்டில் பாயிண்டும் ஃபவுலும்தான் இருக்கும், நிமிடம் இருக்காது. ஆகவே ஆட்டம் நடக்கும்போதே பெஞ்சில் ஒருவர் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து யார் எப்போது இறங்கினார், எப்போது ஏறினார் என்று குறித்திருக்க வேண்டும். 16 வயதுக்குட்பட்ட பையன் ஒருவனையே அந்த வேலைக்கு வைப்பது நல்லது, ஆட்டத்தை முழுதும் கவனிக்கப் பழகுவான். அந்தத் தாளில் 20 வயது வரை உள்ளவர்களின் நிமிடத்தைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களால் வகுத்தால் ஒரு எண் வரும். மேலே சொன்ன உதாரணப்படி அது ஆட்டத்துக்கு 72 இருக்க வேண்டும். 26 என்று வந்தால், கோப்பை அலமாரியில் இருந்தாலும், அடுத்த கோடைக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சை அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.